பூட்டு போட்டு வந்த பிரஷர் மெயில்: எங்க ஊரு கிளினிக் சேவை பத்தி

எங்க ஊரு மலேசியாவுல சிலாங்கூர் மாநிலம், போர்டுல பெஸ்தாரி ஜெயான்னு புதுப் பேரு போட்டாலும் எங்க வீட்ல இன்னும் பத்தாங் பெர்ஜுந்தாய்தான். இங்க டவுன்ல ஒரு தனியார் கிளினிக், பேரு வேணாம், கொஞ்ச மாசமா பிரஷர் உள்ள பேஷண்ட்டுங்களுக்கு ஈமெயில் அனுப்புறாங்க. சாதா மெயில் இல்ல, பூட்டு போட்ட மெயில். நம்ம இன்பாக்ஸுக்கு வர்றது "உங்களுக்கு ஒரு செய்தி இருக்கு"ங்கிற ஒத்த வரியும் ஒரு லிங்க்கும்தான், அதைத் தட்டி ஐசி (அடையாள அட்டை) நம்பர், பாஸ்வேர்டு போட்டு, அப்புறம் போனுக்கு வர்ற ஓடிபியையும் (ஒரு தடவைக்கு மட்டும் உள்ள ரகசிய நம்பர்) போட்டாத்தான் உள்ள என்னா எழுதியிருக்குன்னே தெரியும்.

ஸ்கேமர் அனுப்புறதும் அச்சு அசல் இப்படித்தானே இருக்கும்? லிங்க்கைத் தட்டாதீங்கன்னு பேங்க்காரனும் போலீஸும் தொண்டை கிழிய கத்துறாங்க. நான் முதல் மெயிலையும் அழிச்சேன், ரெண்டாவதையும் அழிச்சேன். கடைசில கவுண்ட்டர்ல உள்ள பொண்ணு போன் அடிச்சு "அண்ணே, மெயில் பாக்கலியா, அம்மா ரெண்டு மாசமா பிரஷர் செக் பண்ணவே வரலியே"ன்னு கேட்டப்புறம்தான் அது நிஜம்னு தெரிஞ்சுச்சு.

அதுக்கப்புறம் இன்னொரு கூத்து. அம்மா பேர்ல இருக்கிற மெயிலு 2020ல மைசெஜாத்ராங்கிற கொரோனா ஆப்புக்காக தம்பி திறந்து குடுத்தது, அது என் போனுக்கும் வர்ற மாதிரி வெச்சிருக்கான், ஆனா ஓடிபி போறது அவன் நம்பருக்கு. அவன் ஜொகூர்ல நைட் ஷிப்ட். ஓடிபி சாகுறதுக்குள்ள அவன எழுப்பி நம்பர் வாங்கி போடுறதுக்குள்ள எனக்கே பிரஷர் ஏறிருச்சு.

ஆனா உள்ள இருந்தது நல்லாத்தான் இருந்துச்சு, அதை ஒத்துக்கணும். அம்மாவோட கடைசி மூணு ரீடிங் வரிசையா, 152/90, 158/94, 166/96. பக்கத்துலயே விளக்கம்: கிளினிக்ல எடுக்கும்போது 140/90க்கு மேல திரும்பத் திரும்ப வந்தா ரத்தக் கொதிப்பு, வீட்டு மெஷின்ல சராசரி 135/85 வந்தாலே உஷாராகணும். எடுக்கிறதுக்கு முன்னாடி அரை மணி நேரம் காப்பி குடிக்கக் கூடாது, அஞ்சு நிமிஷம் சும்மா உக்காரணும், காலு தரையில படணும், கைப்பட்டை நெஞ்சு உயரத்துல இருக்கணும். இவ்ளோ நாளா அம்மா கட்டில்ல காலைத் தொங்கப் போட்டு, பக்கத்து வீட்டு அக்காகிட்ட கதை பேசிக்கிட்டே எடுத்தாங்க, அந்த ரீடிங்க என்னான்னு நம்புறது? 2023 தேசிய சுகாதார ஆய்வுல நம்ம நாட்டு பெரியவங்கள்ல 29.2 சதவீதம் பேருக்கு பிரஷர்னும் போட்டிருந்தாங்க, பத்து பேர்ல கிட்டத்தட்ட மூணு பேரு.

அம்மாவை அசைச்சது வேற வரி. பெரும்பாலும் இதுக்கு அறிகுறியே இருக்காதுன்னு ஒண்ணு எழுதியிருந்தாங்க. நாலு மணிக்கு எந்திரிச்சு பெரட்டுக்குப் (தோட்டத்துல காலைல பேர் கூப்பிடுறது) போயி முப்பது வருஷம் ரப்பர் பால்மரம் சீவுனவங்க, "தலை சுத்துனாத்தான்டா பிரஷர், எனக்கு என்னா கேடு"ன்னு இருந்தாங்க. நான் படிச்சு சொன்னதும் ஒண்ணும் பேசல. உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள்ளன்னு படிச்சதுக்கு மட்டும் "அப்ப கருவாடு?"ன்னாங்க. கருவாடு, ஊறுகாய், சோயா கிச்சாப், மேகி எல்லாமேதான்மா.

எனக்கு ரொம்ப புடிச்சது அதுக்குள்ளயே பதில் எழுதலாம்ங்கிறது. அம்மா அம்லோடிபின்ங்கிற பிரஷர் மாத்திரைய தானா நிறுத்திட்டாங்க, கணுக்கால் வீங்குதுன்னு, டாக்டர்கிட்ட சொல்லவும் கூச்சம். நான் எழுதிப் போட்டேன். மறுநாளே பதில்: இந்த மாத்திரைக்கு சிலருக்கு அப்படி வீங்கும், நீங்களா நிறுத்தாதீங்க, வியாழக்கிழமை கூட்டிட்டு வாங்க. போனோம், பாத்துட்டு வேற மாத்திரை குடுத்தாங்க, ஆறு வாரத்துல 138/84. நெஞ்சு வலி, வாய் கோணுறது, பேச்சு குழறுறதுன்னா மெயில் எழுதிக்கிட்டு இருக்காம 999 அடிங்கன்னு கீழ தடிச்ச எழுத்துல இருக்கு, அது சரி.

வாட்ஸ்அப்ல அனுப்பிட்டா என்னான்னு கேட்டேன். நம்பர் மாறி வேற யாருக்காச்சும் போயிரும், பேஷண்ட் விஷயம் வெளிய போகக் கூடாதுன்னாங்க. நியாயம்தான், எங்க தாமான் (குடியிருப்பு) வாட்ஸ்அப் குரூப்ல ஒருத்தரோட சர்க்கரை ரிசல்ட்டு வந்து விழுந்த கதை எனக்குத் தெரியும்.

அமெரிக்கால கைசர் பெர்மனென்டேங்கிற பெரிய மருத்துவ நிறுவனத்துல இந்த மாதிரி மெயில் பழசு. சர்க்கரை, பிரஷர் உள்ள 35,423 பேர வெச்சு 2010ல வந்த ஆய்வுல, டாக்டரோட பாதுகாப்பான மெயில்ல பேசுனவங்களுக்கு சர்க்கரை, கொலஸ்ட்ரால், பிரஷர் செக்கப்பும் கட்டுப்பாடும் 2லேர்ந்து 6.5 சதவீதப் புள்ளி வரைக்கும் கூடுதலா இருந்துச்சாம். ஆனா அவங்கெல்லாம் மெயில் எழுதத் தெரிஞ்சவங்க. எங்க தோட்டத்து பக்கம் அம்மா வயசுல எத்தனை பேரு அப்படி? எங்க வீட்ல மெயிலு வேலை செஞ்சதுக்கு அந்தப் பொண்ணு அடிச்ச ஒரு போனுதான் காரணம்.

குறை ரெண்டு. எல்லாம் மலாய்லயும் இங்கிலீஷ்லயும்தான், தமிழ்ல ஒரு வரி இல்ல, காத்திருக்கிற நாற்காலில பாதி நம்ம ஆளுங்க. எழுத்தும் பொடி, அம்மா கண்ணாடி போட்டும் படிக்க முடியல.

அஞ்சுக்கு மூணரை குடுப்பேன். சேவைக்குத் தனி காசு இல்ல, டாக்டர் பாக்குற காசு மட்டும்தான். பதியப் போறவங்க, ஓடிபிக்கு ஜொகூர்ல இருக்கிற பிள்ளை நம்பர குடுக்காதீங்க, வீட்ல ராத்திரி தூங்குற ஆளோட நம்பர குடுங்க.