ஸ்கிரீனிலிருந்து டீமக்ஸுக்கு: பழைய விசைகளில் எவற்றை எடுத்துச் செல்வது?

1987இல் வெளிவந்த குனு ஸ்கிரீன், 2007இல் வெளிவந்த டீமக்ஸ் ஆகிய இரண்டு டெர்மினல் நிரல்களும் அடிப்படையில் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. சர்வருடனான இணைப்பு அறுந்தாலும் ஓடிக்கொண்டிருக்கும் நிரல்கள் நின்றுவிடாமல் இரண்டும் காக்கின்றன. ஸ்கிரீனில் பல ஆண்டுகள் ஊறியவர் டீமக்ஸுக்கு வரும்போது, வசதிகளைவிட விரல்களின் பழக்கமே அவரைத் தடுமாற வைக்கிறது.

முதல் சிக்கல் முன்னொட்டு விசை, அதாவது ஒவ்வொரு கட்டளை விசைக்கும் முன் அழுத்த வேண்டிய விசை. ஸ்கிரீனில் அது கண்ட்ரோல்-ஏ, டீமக்ஸில் கண்ட்ரோல்-பி. கட்டளைகளைத் தட்டும் ஷெல்லான பாஷில் கண்ட்ரோல்-ஏ வரியின் தொடக்கத்துக்குக் கொண்டுசெல்லும், கண்ட்ரோல்-பி ஓர் எழுத்து மட்டும் பின்னால் நகர்த்தும் என்பதால், அந்த விசையை முன்னொட்டுக்குக் கொடுப்பதால் வரும் இழப்பைக் கணக்கிட்டால் டீமக்ஸின் தேர்வே மேலானது. ஆனாலும் நான் கண்ட்ரோல்-ஏ-வையே வைத்துக்கொண்டேன். ஸ்கிரீன் மட்டுமே உள்ள பழைய சர்வர்களிலும் தினமும் வேலை செய்பவருக்கு இரண்டு பழக்கங்கள் பெருஞ்சுமை.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. ஸ்கிரீனில் கண்ட்ரோல்-ஏ-வை இருமுறை அழுத்தினால் முந்தைய சாளரத்துக்குப் போகும். பலரும் படியெடுக்கும் டீமக்ஸ் அமைப்பு வரிகளிலோ, இரண்டாவது அழுத்தம் முன்னொட்டையே ஷெல்லுக்கு அனுப்பும்படி இருக்கும். எனவே இரண்டாவது கண்ட்ரோல்-ஏ-வை லாஸ்ட்-விண்டோ கட்டளையோடும், வெறும் ஏ எழுத்தை சென்ட்-ப்ரீஃபிக்ஸ் கட்டளையோடும் பிணைக்க வேண்டும். அப்போதுதான் டீமக்ஸுக்குள் திறந்த தொலைதூர ஸ்கிரீனிலிருந்து விலக (நிரல்களை நிறுத்தாமல் வெளியேற), கண்ட்ரோல்-ஏ, ஏ, டி என்ற வரிசை சரியாக வேலை செய்யும்.

அமைப்புக் கோப்பைப் படிக்கும் முறையிலும் இரண்டும் வேறுபடுகின்றன. ஸ்கிரீனில் ஒவ்வோர் அமர்வும் (ஒன்றாகத் திறந்து நடத்தும் சாளரங்களின் தொகுதி) தனிச் செயல்முறை என்பதால், புதிய அமர்வு கோப்பைப் புதிதாகப் படிக்கும். டீமக்ஸில் எல்லா அமர்வுகளையும் வழக்கமாகப் பின்னணியில் ஓடும் ஒரே டீமக்ஸ் செயல்முறை நடத்துகிறது. அது தொடங்கும்போது மட்டுமே கோப்பைப் படிக்கிறது. கோப்பைத் திருத்திவிட்டுப் புதிய அமர்வைத் திறந்து, ஏன் எதுவும் மாறவில்லை என்று நெடுநேரம் தேடியிருக்கிறேன். சோர்ஸ்-ஃபைல் கட்டளையால் மீண்டும் படிக்க வைக்கலாம். ஆனால் கோப்பிலிருந்து ஒரு வரியை நீக்குவது மட்டும் பழைய பிணைப்பை நீக்காது, அதற்கு அன்பைண்ட் தேவை.

பின்னோக்கி உருட்டிப் பார்க்கும் வரிகள் ஸ்கிரீனில் இயல்பாக 100, டீமக்ஸில் 2000. டீமக்ஸில் இதைக் குறிக்கும் ஹிஸ்டரி-லிமிட் மதிப்பை உயர்த்தினால் அது இனித் திறக்கும் பலகங்களுக்கே (சாளரத்தின் பிரிவுகளுக்கே) பொருந்தும். விம் உரைத்திருத்தியைப் பயன்படுத்துவோர், எஸ்கேப் விசைக்குப் பின் டீமக்ஸ் காத்திருக்கும் நேரமான எஸ்கேப்-டைம் மதிப்பையும் கவனிக்க வேண்டும்: டீமக்ஸ் 3.5க்கு முந்தைய பதிப்புகளில் அது 500 மில்லி நொடி, எஸ்கேப் விசையின் தாமதம் கண்ணுக்கே தெரியும். 10 போதும், புதிய பதிப்புகளின் இயல்பு மதிப்பும் அதுவே.

மாறியதற்கான என் முதன்மைக் காரணம் திரைப் பிரிப்புதான். ஸ்கிரீனில் திரையைப் பிரித்துவிட்டு விலகினால், லேஅவுட் வசதியால் சேமித்து வைக்காதவரை திரும்பி வரும்போது அந்தப் பிரிவுகள் இருக்காது. டீமக்ஸிலோ பலகங்கள் சாளரத்தின் பகுதி. விட்ட இடத்தில் அப்படியே நிற்கும். பிரிக்கும் விசைகளை மட்டும் ஸ்கிரீனைப் போல மாற்றாமல் டீமக்ஸின் வழியிலேயே கற்றுக்கொண்டேன்.

ஆனாலும் ஸ்கிரீனை நான் அகற்றவில்லை. சீரியல் போர்ட்டில் இணைத்த கருவியோடு நொடிக்கு 115200 பிட் வேகத்தில் நேரடியாகப் பேச அதற்கு ஒரே வரி போதும். டீமக்ஸில் அந்த வசதி இல்லை.