பாளையங்கோட்டை வக்கீலம்மா ஆபீஸ்: ஐந்துக்கு நாலு ஸ்டார்

கட்டிக்கொடுத்த இடத்தில் பெண் தற்கொலை செய்துகொண்டு, ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் அலைகிற குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் சித்தப்பா வீடு இப்போது அந்த நிலையில்தான் இருக்கிறது. வக்கீல் பெயரைப் போட்டால் எங்கள் வீட்டையும் கண்டுபிடித்துவிடுவார்கள், அதனால் போடவில்லை.

முதலில் ஜங்ஷன் பக்கம் ஒருவரைப் பார்த்தோம். மாப்பிள்ளை, மாமியார், நாத்தனார் எல்லாருக்கும் பத்து வருஷம் வாங்கித் தருகிறேன் என்று சொல்லி அட்வான்ஸ் கேட்டார். அதோடு சரி.

இந்த வக்கீலம்மா அப்படியெல்லாம் பேசவே இல்லை. புகார் மனுவை வாங்கி, 'அடிக்கடி கொடுமைப்படுத்தினார்கள்' என்று வந்த இடத்தையெல்லாம் பென்சிலால் வட்டம் போட்டுக்கொண்டே போனார். "அடிக்கடின்னா எப்போ அண்ணாச்சி? யார் பார்த்தா? அன்னைக்கு ராத்திரி பிள்ளை யார்கிட்ட போன்ல சொல்லுச்சு?" சித்தப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. ஆனால் எதிர்த்தரப்பு வக்கீல் கூண்டில் வைத்துக் கேட்கப்போவதும் இதைத்தானே.

இரண்டு குற்றத்தையும் அவர் பிரித்துச் சொன்னதுக்கே ஃபீஸ் கொடுக்கலாம். கணவனோ அவன் சொந்தக்காரர்களோ செய்யும் கொடுமை பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 498ஏ, 2024 ஜூலையிலிருந்து அதன் இடத்துக்கு வந்த பிஎன்எஸ் (பாரதிய நியாய சன்ஹிதா) சட்டத்தில் 85, மூன்று வருஷம் வரை தண்டனை. தற்கொலைக்குத் தூண்டியது பழைய 306, இப்போது 108, பத்து வருஷம் வரை. முதலாவது நிரூபணமானால் இரண்டாவது தானாக வந்துவிடாது. கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள் என்றால் தூண்டியதாகக் கோர்ட் அனுமானிக்கலாம் என்று புதிய சாட்சிய சட்டத்தின் 117-வது பிரிவு சொல்கிறது, ஆனால் அதற்கு முன்னால் கொடுமையை நாம் நிரூபித்திருக்க வேண்டும், அப்போதும் அனுமானிப்பது கோர்ட்டின் விருப்பம்தான். 'செத்துத் தொலை' என்று மாப்பிள்ளை சண்டையில் சொன்னதைத்தான் சித்தப்பா பெரிய ஆதாரமாக நினைத்திருந்தார். கோபத்தில் விட்ட வார்த்தை மட்டும் போதாது என்று 2001-லேயே ரமேஷ்குமார் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொல்லி, 306-லிருந்து கணவனை விடுவித்து, 498ஏ-யில் அவர் குற்றவாளி என்பதை மட்டும் உறுதிசெய்ததாம். கேட்கக் கஷ்டமாக இருந்தாலும், பொய் நம்பிக்கைக்குப் பணம் கட்டுவதைவிட இது மேல்.

மனுவில் ஒன்றுமே செய்யாத வெளியூர்ச் சொந்தங்களையும் சேர்த்திருந்தோம். அவர்கள் பெயரையெல்லாம் எடுக்கச் சொன்னார், அவர்களால் மாப்பிள்ளை மேல் உள்ள கேஸும் பலவீனமாகும் என்றார். அப்புறம் அந்தப் பிள்ளையின் போன். ரீசெட் பண்ணாதீர்கள், வாய்ஸ் மெசேஜை வேறு போனுக்கு அனுப்பிவிட்டு ஒரிஜினலை அழித்துவிடாதீர்கள், காப்பி கொடுத்தால் அது சரியான காப்பிதான் என்பதற்கு அதே சாட்சிய சட்டத்தின் 63-வது பிரிவுச் சான்றிதழும் வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னார். ஆர்டிஓ (வருவாய்க் கோட்டாட்சியர்) விசாரணையில் சித்தி என்ன சொன்னார் என்பதை வரி வரியாகக் கேட்டு எழுதிக்கொண்டார், ஏனென்றால் அங்கே ஒன்றும் கோர்ட்டில் ஒன்றுமாகச் சொன்னால் அதைத்தான் பிடிப்பார்களாம்.

இன்னொன்று, கேஸை நடத்துவது அரசு வக்கீல், நாம் வைக்கும் வக்கீல் அவருக்கு உதவி செய்யலாம், முன்ஜாமீனை எதிர்க்கலாம். முதலில் பார்த்தவர் இதை வாயே திறக்கவில்லை.

ஒரு ஸ்டார் குறைத்தது எதற்கென்றால், போன் எடுக்கவே மாட்டார். வெயிலில் மாடிப்படியில் காத்திருக்க வேண்டும், இருப்பதே இரண்டு நாற்காலி. குமாஸ்தா ஒவ்வொரு ஜெராக்ஸுக்கும் தனியாகக் காசு வாங்குவார், ரசீது கேட்டால் முகம் சுருங்கும். ஃபீஸும் குறைவில்லை. கையில் பணம் இல்லையென்றால் கோர்ட் வளாகத்திலேயே இலவச சட்ட உதவி மையம் இருக்கிறது. பெண்களுக்கு வருமானம் பார்க்க மாட்டார்கள், அதனால் அம்மா பெயரிலோ அக்கா பெயரிலோ மனு போடுங்கள், 15100-க்கு அடித்தும் கேட்கலாம்.

காலையில் அவர் கோர்ட்டில் இருப்பார், சாயங்காலம் போங்கள். எஃப்ஐஆர் காப்பி, கல்யாணப் பத்திரிகை, நகை பில், அந்தப் பிள்ளையின் போன், சார்ஜர் எல்லாம் எடுத்துக்கொண்டு போங்கள்.