யூடியூப் கிட்ஸ்: டேபுக்குப் பூட்டு இருக்கிறது, அம்மா போனுக்கு?

பிள்ளைகளுக்கான யூடியூப் செயலியான யூடியூப் கிட்ஸை டேபில் போடலாமா என்று தங்கை கேட்டாள். என் மகள் ஒன்றாம் வகுப்பிலிருந்து அதில்தான் பார்க்கிறாள், இப்போது மூன்றாம் வகுப்பு. செயலியில் எனக்குக் குறை இல்லை. கோபம் வேறு இடத்தில்.

அதில் வயதுவாரியாக மூன்று பிரிவுகள் உண்டு. அவற்றை விட்டுவிட்டு, பெற்றோர் அனுமதித்தவை மட்டும் என்பதைத் தேர்ந்தெடுங்கள். தேடும் வசதியே போய்விடும். நாம் பார்த்துச் சேர்த்த சேனல்களும் வீடியோக்களும்தான் திரையில் இருக்கும். உட்கார்ந்து சேர்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போகும், போகட்டும். டைமர் நான் எதிர்பார்க்காத நிம்மதி. நேரம் முடிந்ததும் செயலியே பூட்டிக்கொள்வதால் பிடுங்கிவைக்கும் வேலை எனக்கு இல்லை, அழுகையும் குறைந்துவிட்டது. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். பெற்றோர் பகுதிக்குள் போக அது ஒரு பெருக்கல் கணக்குக் கேட்கும். வாய்ப்பாடு தெரிந்த பிள்ளைக்கு அது பூட்டே இல்லை. நான்கு இலக்க ரகசிய எண்ணை நீங்களே வைத்துவிடுங்கள்.

இத்தனையும் செய்து என்ன பயன்? வீட்டுப்பாடம் வருவது என் வாட்ஸ்ஆப்பில். பிள்ளைகள் தாங்களாகவே வாட்ஸ்ஆப் கணக்கு வைத்துக்கொள்ள 13 வயதாக வேண்டும், அதனால் வகுப்பு குரூப்பில் இருப்பது பெற்றோர்தான். அங்கே மாலையில் ஒரு லிங்க் வரும், 'இந்த வீடியோ பார்த்து எழுதவும்' என்று. தொட்டால் திறப்பது என்னுடைய யூடியூப். தாவரங்களின் பாகங்கள் முடிந்ததும் அடுத்து ஓடுவது நான் பார்க்கும் சீரியல் துண்டு, இல்லாவிட்டால் ஏதோ கொலைச் செய்தி. நான் அடுப்படியில் இருப்பேன், போன் அவள் கையில் இருக்கும்.

மிஸ்களைத் திட்ட மனம் வரவில்லை. ஒரு வகுப்பு நிறையப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு, நல்ல பாடமாகத் தேடித்தான் அனுப்புகிறார்கள். ஆனால் அவர்களே போனில் இரண்டு நிமிடம் பேசிப் பதிவுசெய்து குரூப்பில் நேராகப் போடலாம். அது முடிந்தால் முடிந்தது, பின்னாலேயே எதுவும் வராது. பள்ளியில் கேட்டேன், 'கூட உட்காருங்கம்மா' என்றார்கள். தினமும் கூட உட்கார முடிகிற வீடு எத்தனை? 2020இல் மத்திய அரசு வெளியிட்ட பிரக்யாதா வழிகாட்டி, 1 முதல் 8ஆம் வகுப்பு வரை ஆன்லைன் வகுப்பு ஒரு நாளைக்கு இரண்டுக்கு மேல் கூடாது என்றது, ஒவ்வொன்றும் 30-45 நிமிடம். வகுப்பு நேரத்துக்குக் காட்டிய அக்கறையை இந்த லிங்க்குக்கும் யாராவது காட்டியிருக்கலாம்.

இப்போதைக்கு என் போனில், அடுத்த வீடியோவைத் தானாக ஓடவிடும் ஆட்டோபிளேயை நிறுத்தி, யூடியூப் அமைப்புகளில் பெரியவர்களுக்கான வீடியோக்களை வடிகட்டும் கட்டுப்படுத்தப்பட்ட பயன்முறையைப் போட்டிருக்கிறேன். கமெண்ட்டுகளும் மறைந்துவிட்டன. முழுப் பாதுகாப்பு இல்லை, முன்புக்குப் பரவாயில்லை.

செயலிக்கு ஐந்துக்கு ஐந்து தருவேன். ஆனாலும் இன்று கேட்டால், உடனே போடாதீர்கள் என்றுதான் சொல்வேன். அது இருக்கிற தைரியத்தில் நம் போனை மறந்துவிடுகிறோம். முதலில் அந்த இரண்டு அமைப்பையும் உங்கள் போனில் மாற்றுங்கள், அடுத்த பெற்றோர் கூட்டத்தில் லிங்க் பேச்சை எடுங்கள். அப்புறம் டேபில் இதைப் போடலாம்.