பாயிண்ட்டுக்குப் பதில் எலக்ட்ரானிக் மாட்டுகிறீர்களா? பணம் கொடுக்கும் முன் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள்

பழைய நாலு சிலிண்டர் கார். வேலை ஒன்றுதான்: டிஸ்ட்ரிபியூட்டரில் (பிளக்குகளுக்கு ஸ்பார்க்கைப் பிரித்துக்கொடுக்கும் பாகம்) இருக்கும் பாயிண்ட்டையும் (காயிலின் கரண்டை விட்டு வெட்டும் சுவிட்ச்), அது கருகாமல் காக்கும் கண்டென்சரையும் கழற்றிவிட்டு, அதே வேலையைச் செய்யும் எலக்ட்ரானிக் மாட்யூல் போடுவது. பில்லில் மூன்று வரி: எலக்ட்ரானிக் கிட், புது 'ஹை பவர்' காயில் (ஸ்பார்க்குக்கு வேண்டிய உயர் வோல்டேஜைத் தருவது), டைமிங் செட்டிங் (ஸ்பார்க் வரும் நேரத்தைச் சரியாக வைப்பது). மூன்றிலுமே கோளாறு. ஒர்க் ஷாப்பின் பெயர் இங்கே வேண்டாம், இதே வேலையை இதே லட்சணத்தில் செய்கிறவர்கள் நிறைய உண்டு.

முதலில் சிவப்பு ஒயர். இந்த வண்டியில் இக்னிஷன் சுவிட்சுக்கும் காயிலுக்கும் நடுவே 1.5 ஓம் பேலஸ்ட் ரெசிஸ்டர் இருக்கிறது. காயிலில் அளவுக்கு மேல் கரண்ட் ஓடாமல் பார்த்துக்கொள்வது அதுதான். ஆனால் மாட்யூலின் சிவப்பு ஒயருக்கு முழு வோல்டேஜ் வேண்டும். அதனால் பேலஸ்ட்டுக்கு முன்னால், சுவிட்ச் பக்கத்து முனையில் அதைக் கொடுக்க வேண்டும். இவர்களோ கைக்கு எட்டிய காயில் பிளஸ்ஸில் முறுக்கி டேப் சுற்றிவிட்டார்கள். போதாக்குறைக்குப் புதுக் காயில் வெறும் 0.7 ஓம். காயிலும் பேலஸ்ட்டும் சேர்ந்து 2.2 ஓம்; 14 வோல்ட் வந்தாலும், மாட்யூல் கரண்டை விடும் நேரத்தில் காயில் பிளஸ்ஸில் நிற்பது நாலரை வோல்ட்தான். மாட்யூல் பட்டினி. ஸ்டார்ட் ஆகும், ஆக்சிலரேட்டரை மிதித்தால் மிஸ்ஸிங்.

கேட்டதற்கு வந்த பதில்: "கார்புரேட்டர்ல அடைப்பு." அதைக் கழுவித் தனி பில்.

மிஸ்ஸிங் போகவில்லை. அடுத்த தடவை பேலஸ்ட்டையே விலக்கிவிட்டு நேர் ஒயர் இழுத்தார்கள். வண்டி பிய்த்துக்கொண்டு ஓடியது, அங்கேதான் ஏமாந்துபோவோம். 0.7 ஓம் காயிலுக்கு நேராக 14 வோல்ட் என்றால் கணக்குப்படி 20 ஆம்பியர். ஒயரிலும் டிரான்சிஸ்டரிலும் கொஞ்சம் குறைந்தாலும், கரண்டைத் தானே கட்டுப்படுத்தாத சாதாரண மாட்யூல் அதைத் தாங்காது. சூடானதும் நிற்கும், ஆறினால் ஓடும். ஒரு நாள் ஆறினாலும் ஓடாது. அப்படியேதான் ஆனது. அதற்கும் பதில் தயாராக இருந்தது: "எலக்ட்ரிக்கல் ஐட்டத்துக்கு வாரண்ட்டி கிடையாது."

இத்தனையும் ஐந்து நிமிட அளவையில் தெரிந்திருக்கும். காயிலின் இரண்டு முனை ஒயர்களையும் கழற்றிவிட்டு ஓம் பாருங்கள். முதலில் மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு, அப்போது காட்டும் 0.2, 0.3 ஓமைக் கழித்துக்கொள்ளுங்கள், இவ்வளவு சின்ன அளவில் அதுவே தீர்ப்பை மாற்றிவிடும். இப்படிப்பட்ட சாதாரண மாட்யூலுக்கு, பேலஸ்ட் இல்லாத வண்டியில் 3 ஓம் காயில், பேலஸ்ட் இருந்தால் 1.5 ஓம். அதற்குக் கீழே போவதானால் அந்த மாட்யூலோடு வந்த தாளில் அப்படி எழுதியிருக்க வேண்டும். பிறகு இன்ஜினை ஓடவிட்டு, சிவப்பு ஒயருக்கும் பேட்டரி மைனஸ்ஸுக்கும் நடுவே வோல்டேஜ் பாருங்கள். பேட்டரியில் உள்ளதைவிட அரை வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் ஒயர் தப்பான இடத்தில் இருக்கிறது.

'டைமிங் செட்டிங்' என்ற வரி முழுப் பொய். டைமிங் வைக்கத் தளர்த்த வேண்டிய டிஸ்ட்ரிபியூட்டர் கிளாம்ப் போல்ட்டில் பழைய கிரீஸும் தூசியும் அசையாமல் இருந்தன. பாயிண்ட் திறக்கும் இடமும், கிட்டில் வரும் காந்த வளையம் சிக்னல் கொடுக்கும் இடமும் ஒன்றல்ல. சில டிகிரி முன்பின் போகும், ஆகவே கிட் மாட்டினால் டைமிங்கைத் திரும்ப வைத்தே ஆக வேண்டும். வேக்குவம் ஹோஸைக் கழற்றி அடைத்து, ஐடிலில் ஸ்ட்ரோப் லைட் (ஸ்பார்க்கோடு சேர்ந்து மின்னும் விளக்கு) அடித்து உங்கள் எதிரிலேயே காட்டச் சொல்லுங்கள்.

காந்த வளையத்தையும் டிஸ்ட்ரிபியூட்டர் நடுவில் சுழலும் கேம் மேல் முழுக்க அமுக்கவில்லை. அதனால் அதற்கு மேல் சுழலும் ரோட்டார் உயர்ந்து நின்று, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் உள்பக்கத்தில் புதுசாக உரசல் கோடு. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் மூடியும் உடைந்திருக்கும்.

இந்த வண்டியில் இல்லை, ஆனால் அடிக்கடி நடக்கும் தப்புகள்: பாசிட்டிவ் எர்த் (பேட்டரி பிளஸ்ஸைப் பாடியில் கொடுத்த) வண்டியில் நெகட்டிவ் எர்த் கிட்டை மாட்டுவது (சாவியைத் திருப்பிய நொடியே போய்விடும்), சப்ரஷன் (மின் இரைச்சலை அடக்கும் தடை) இல்லாத செம்புக் கம்பி பிளக் ஒயரை விட்டுவைப்பது, இன்ஜின் ஓடாமல் இக்னிஷனை ஆனில் போட்டுவிட்டு வேறு வேலை பார்ப்பது.

மைலேஜ் எகிறும் என்பதெல்லாம் விற்கிறவர் பேச்சு. நன்றாக வைத்த பாயிண்ட்டும் நல்ல ஸ்பார்க்தான் தரும். தேயாது, இடைவெளி மாறாது என்பதே எலக்ட்ரானிக்கின் லாபம். வேகத்துக்கு ஏற்ப டைமிங்கை மாற்றும் அட்வான்ஸ் ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலோ வேக்குவம் டயாஃப்ரம் கிழிந்திருந்தாலோ எந்தக் கிட்டும் அதைச் சரிசெய்யாது.

கழற்றிய பாயிண்ட், கண்டென்சர், பிளேட் எல்லாவற்றையும் கேட்டு வாங்குங்கள். இங்கே "குப்பைல போட்டாச்சு" என்றார்கள். காயில் சரியான ஓமில் இருந்தால், பாயிண்ட்டும் கண்டென்சரும் உள்ள பழைய பிளேட், ஒரு ஸ்குரூடிரைவர், 0.40 மி.மீ. ஃபீலர் கேஜ், இவை டிக்கியில் கிடந்தாலே போதும். மாட்யூல் நடுவழியில் போனாலும் பழையதை மாட்டி வீடு வந்து சேரலாம்.