கலெக்டர் ஆபீஸ் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்கு நாலு ஸ்டார்

திருச்சி கலெக்டர் ஆபீஸ் பக்கம் இருக்க ஒரு ஜெராக்ஸ் கடை பத்தி. பேரு போடல, அண்ணனே "வேணாம்மா, இருக்க கூட்டமே தாங்கல"ன்னுட்டாரு.

நான் இலங்கைத் தமிழர் முகாம்கள்ல வேல செய்யற ஒரு சின்ன டிரஸ்ட்ல ஆபீஸ் ஸ்டாஃப், டெய்லி பூதலூர்ல இருந்து ட்ரெயின். இப்படி ஒரு எடத்துல வேலன்னு சொன்னா ஊர்ல எல்லாரும் நான் ஏதோ சாப்பாட்டுப் பொட்டலம் குடுக்கறேன்னு நெனச்சுக்கறாங்க. கொட்டப்பட்டுக்கோ வாழவந்தான்கோட்டைக்கோ நான் போனதே எண்ணி நாலஞ்சு தடவ, நமக்கு வவுச்சர், பாக்ஸ் ஃபைல், டேலி, பஞ்சிங் மெஷின் அவ்வளவுதான். 2021ல அரசாங்கம் அகதிகள் முகாம்ங்கறத மறுவாழ்வு முகாம்னு மாத்துனப்ப எங்களுக்கு மொத கவலையே பழைய லெட்டர்பேட் ஒரு கட்டு மிச்சம் கெடக்கேங்கறதுதான்.

சரி கடைக்கு வரேன். இந்த அண்ணன்கிட்ட எனக்குப் புடிச்சதே டைப் பண்ணி முடிச்சதும் பிரிண்ட் குடுக்காம ஸ்க்ரீன நம்ம பக்கம் திருப்பி ஒவ்வொரு எழுத்தா படிச்சுக் காட்டுவாரு. இதுல என்ன இருக்குன்னு கேப்பீங்க. வெற்றிவேல்னு ஒருத்தர் இருக்காருன்னு வைங்க, இலங்கைல இங்கிலீஷ்ல எழுதறப்ப நடுவுல ரெண்டு டி போடுவாங்க, அவங்க சொல்ற விதம் அப்படி, நம்ம ஊரு ஸ்கூல்ல டி ஆர் போட்டு டிசி குடுத்துருவாங்க, அப்புறம் அங்க அப்பா பேரு முழுசா முன்னாடி வரும் இங்க ஒரே ஒரு இனிஷியல்ல முடிச்சுருவாங்க, ஆக ஒரே ஆளுக்கு மூணு பேப்பர்ல மூணு பேரு. இங்க பொறந்த புள்ளைக்கு இலங்கை குடியுரிமை பதியணும்னா சென்னைல இருக்க துணைத் தூதரகத்துக்கு அப்பா அம்மா பத்திரமெல்லாம் சேத்து அனுப்பணும், ஒரு எழுத்து இடிச்சா திரும்பி வந்துரும், மறுபடி அஃபிடவிட், மறுபடி நோட்டரி, மாசக்கணக்குல ஓடிரும். ஒரு தடவ கூட வந்த வயசான அம்மா ஸ்க்ரீன பாத்துட்டு "தம்பி, இது என்ட பேர் இல்ல"ன்னாங்க, நான் பாத்தும் எனக்குப் படல. கோவப்படாம அடிச்சு திருத்திக் குடுத்தாரு, எக்ஸ்ட்ரா காசும் வாங்கல.

பழைய பத்திரத்த கையாளறதும் அப்படித்தான். 90ல படகுல வரப்ப பாலிதீன்ல சுத்திக் கொண்டாந்த பேப்பர், மடிப்புல மடிப்புல கிழிஞ்சு தொங்கும், அத ஃபீடர்ல விடவே மாட்டாரு, கண்ணாடி மேல வச்சு மெதுவா மூடுவாரு. ஒரிஜினல லேமினேட் பண்ணச் சொன்னா முடியாதுன்னுருவாரு, அதுக்கு மேல யாரும் சீல் வைக்க முடியாதுல்ல.

அப்புறம் டிசம்பர். எங்க எஃப்சி-4 ரிட்டர்ன், அதாவது வெளிநாட்டுல இருந்து வர்ற நன்கொடைக்கு அரசாங்கத்துக்குக் காட்டற வருசக் கணக்கு, டிசம்பர் 31க்குள்ள ஏத்தணும், அதே நேரம் நம்ம ஊர்ல அடைமழை, வவுச்சரெல்லாம் நமுத்துப் போயி வேற கடைல குடுத்தா மெஷின்ல சிக்கி அரச்சுரும். இவரு பேப்பர் அலமாரிக்குள்ள ஒரு குண்டு பல்பு எரியவிட்டு வச்சிருக்காரு, முட்ட பொரிக்கற மாதிரி. சிரிச்சேன், ஆனா ஒரு தாள் கூட சிக்கல.

ஆரம்பத்துல பில்லுதான் பிரச்சன. துண்டுச் சீட்டுல "ஜெ 340"னு கிறுக்கித் தருவாரு, ஆடிட்டர் அத எடுத்து தனியா வச்சுட்டாரு. வெளிநாட்டுப் பணத்துல நிர்வாகச் செலவு 2020 வரைக்கும் 50 சதவீதம் வரைக்கும் போகலாம், அந்த வருசச் சட்டத் திருத்தத்துல 20 ஆக்கிட்டாங்க, அதனால ஆபீசுக்கு எடுத்த ஜெராக்ஸ் எது, குடும்பங்களோட விண்ணப்பத்துக்கு எடுத்தது எதுன்னு பிரிச்சுக் காட்டணும். இத வெளக்கிச் சொன்னதும் மறுநாளே பில் புக் அடிச்சுட்டாரு, இப்ப கேக்காமயே ரெண்டு பில்லா போட்டு தேதி, எத்தன தாள், எதுக்குன்னு எழுதி சீல் வச்சுத் தராரு.

ஒரு ஸ்டார் ஏன் கொறச்சேன்னா, அந்தக் கம்ப்யூட்டரு. ஸ்கேன் பண்ணதெல்லாம் டெஸ்க்டாப்லயே கெடக்கு, எவனோ ஒருத்தனோட பான் கார்டு பக்கத்துல எங்க ஆளுங்க பத்திரம், குடும்பப் படம். பின்னாடி வர்றவன் பென்டிரைவ சொருகுனா எல்லாம் தெரியும். இவங்களுக்கு அந்தப் பேப்பர்தான் ஆளே, யார் கைல போகும்னு பயம் இருக்காதா. வாட்ஸாப்ல அனுப்பிட்டு லாக் அவுட்டும் பண்றதில்ல. நான் ஒவ்வொரு தடவையும் நின்னு டெலிட் பண்ணச் சொல்லி, ரீசைக்கிள் பின்னையும் காலி பண்ண வச்சுட்டுத்தான் கெளம்பறேன், "நம்பிக்கை இல்லையாம்மா"ன்னு மூஞ்சிய தூக்கி வச்சுக்குவாரு. பரவால்ல, தூக்கட்டும்.

ஜெராக்ஸ் ரெண்டு ரூவா, நூறுக்கு மேல போனா ஒன்றரை. திங்கக்கிழம மனு நாள், அன்னிக்கு காலைல போயி நிக்காதீங்க, மதியம் மூணுக்கு மேல ஃப்ரீயா இருப்பாரு.