லாட்ஜ் முகாம்ல வலிப்புக்குப் பொடி வாங்குறவங்க இத ஒரு தடவ படிச்சிருங்க

மாசா மாசம் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து லாட்ஜ்ல ரூம் போட்டு "பரம்பரை வைத்தியர் வருகை, வலிப்பு மூணு மண்டலத்துல வேரோட போகும்"னு லோக்கல் கேபிள்ல ஓட்டுறாங்கள்ல, அப்படி ஒரு ஆளுகிட்டதான் எங்க வீட்டுல மாட்டுனாங்க, என் தம்பிய ஐசியூல வச்சுத்தான் மீட்டோம். திண்டுக்கல் பக்கம் நடந்தது. எல்லா ஊர்லயும் இந்த மாதிரி ஆளுங்க இருக்காங்க, அதான் எழுதுறேன்.

தம்பிக்கு பத்தாவது படிக்கும்போதுலருந்து ஃபிட்ஸ். ஜுவனைல் மயோக்ளோனிக் எபிலெப்சின்னு ஒரு வகை, காலைல எந்திரிச்ச ஒடனே கை வெட்டி வெட்டி இழுக்கும், கையில இருக்குற டீ டம்ளர் எகிறிப் போயி விழும், ராத்திரி தூக்கம் கெட்டா மறுநாள் பெரிய ஃபிட்ஸே வந்துரும். வேல்ப்ரோயேட் மாத்திரை போட ஆரம்பிச்சப்புறம் சுத்தமா நின்னுருச்சு, படிச்சான், வேலைக்குப் போனான். இந்த வகை மாத்திரைல நல்லா கட்டுப்படும் ஆனா நிப்பாட்டினா திரும்ப வர சான்ஸ் ரொம்ப ஜாஸ்தி, நெறைய வருஷம் போட வேண்டியிருக்கும்னு நியூரோ டாக்டர் அப்பவே சொல்லிட்டாரு.

பொண்ணு பாக்க ஆரம்பிச்சாங்க, அங்கதான் வினையே. சம்பந்தி வீட்டுக்காரங்க மாத்திரை டப்பாவ பாத்துட்டா என்னடா பண்றதுன்னு அம்மாவுக்கு ராவும் பகலும் அதே கவலை. (இந்து திருமணச் சட்டத்துல அடிக்கடி வலிப்பு வர்றவங்க கல்யாணத்துக்குத் தடையா ஒரு வரி இருந்துச்சு, 1999ல அத தூக்கிட்டாங்க. சட்டத்துலருந்து தூக்கியாச்சு, சொந்தக்காரங்க வாயிலருந்துதான் தூக்க முடியல.) பெரியப்பா கேபிள் விளம்பரத்த சொல்ல, அக்காகிட்ட சொன்னா கத்துவான்னு எனக்குத் தெரியாமயே கூட்டிட்டுப் போயிட்டாங்க.

நாடி புடிச்சுப் பாத்துட்டு "பையனுக்கு மூளை நரம்புல சூடு ஏறிக் கெடக்குதும்மா, அத வெளிய விடாம இந்த மாத்திரைதான் அமுக்கி வச்சிருக்கு, இன்னையோட நிப்பாட்டுங்க"ன்னானாம். மண்டலத்துக்கு 6,500, கேஷ் மட்டும். பில் கேட்டா "மூலிகைக்கு ஏதும்மா பில்லு". பொட்டலத்துல மருந்து பேரு இல்ல, என்னென்ன சேந்திருக்குன்னு இல்ல, லைசென்ஸ் நம்பர் பேட்ச் நம்பர் ஒரு மண்ணும் இல்ல, காலை 1 இரவு 1ன்னு பேனாவுல எழுதினதோட சரி.

இதுல கொடுமை என்னன்னா பொடி வேலை செஞ்சுச்சு! ஃபிட்ஸ் எட்டியே பாக்கல. ஆனா பய எந்நேரமும் தூங்கி வழியிறான், நாக்கு கொழறுது, கடைல சில்லறை எண்ணத் தடுமாறுறான். போன் போட்டுக் கேட்டா "பழைய மாத்திரை விஷம் எறங்குது, நல்லதுதான்"னு பதில். வீட்டுல எல்லாருக்கும் ஒரே சந்தோஷம், பெரியப்பா தெருவுல இன்னும் ரெண்டு பேருக்கு நம்பர் குடுத்திருக்காரு.

அடுத்த முகாமுக்கு ஆள் வரல, போன் ஸ்விட்ச் ஆஃப். பொடி தீந்து ஒரு வாரம் கூட ஆகல, பொங்கலுக்கு நான் ஊர்ல இருக்கேன், விடியக்காலம் தடால்னு சத்தம். ஓடிப் பாத்தா இழுத்துக்கிட்டுக் கெடக்கான். பக்கத்து வீட்டு மாமா சாவிக்கொத்தோட வந்து நிக்கிறாரு, இன்னொரு அக்கா வாயில கரண்டிய வைக்கப் பாக்குது, ரெண்டு பேரையும் வெலக்கிவிட்டுட்டு ஒருக்களிச்சுப் படுக்க வச்சு தலைக்கு துண்ட மடிச்சு வச்சு மணியப் பாத்தேன். வழக்கமா ரெண்டு மூணு நிமிஷத்துல நின்னுரும், அஞ்சு நிமிஷம் தாண்டினா எமர்ஜென்சி, நிக்கல. 108லயும் இழுத்துக்கிட்டேதான் வந்தான். பெரியாஸ்பத்திரில ஊசி மேல ஊசி, கடைசில ட்யூப் போட்டு மயக்கத்துல வச்சாங்க.

டாக்டர் கேட்ட மொதக் கேள்வியே "நாட்டு மருந்து ஏதாவது குடுத்தீங்களா?" காலிப் பொட்டலத்த காட்டினோம். ரத்தம் எடுத்து ஃபீனோபார்பிட்டோன் லெவல் பாக்கச் சொன்னாரு. இருந்துச்சு. 1912லருந்து வலிப்புக்குக் குடுக்குற இங்கிலீஷ் மருந்துங்க அது, அத இடிச்சுப் பொடியில கலந்துட்டு "இங்கிலீஷ் மருந்த நிப்பாட்டு"ன்னு சொல்லியிருக்கான். அந்த மருந்து மேல தப்பு இல்ல, அளவு பாத்து டாக்டரே குடுக்குறதுதான், ரொம்ப வெலை கம்மி வேற. ஆனா திடீர்னு நின்னா விடாம வலிப்பு வரும். ரத்தத்துலருந்து மெதுவா எறங்குறதால தீந்த அன்னைக்கே ஒண்ணும் தெரியாது, சில நாள் கழிச்சுதான் அடிக்கும். வேல்ப்ரோயேட்டும் இல்ல, இதுவும் இல்ல, பய தாங்குவானா?

அதனால இப்பப் பேர் தெரியாத பொடியோ உருண்டையோ சாப்பிட்டுக்கிட்டு இருக்கவங்களுக்குத்தான் முக்கியமா சொல்றேன், இதப் படிச்சுட்டு பதறிப்போயி அத சட்டுனு நிப்பாட்டிராதீங்க. பொட்டலத்தோட நேரா நியூரோ டாக்டர்கிட்ட போங்க, அவங்க பழைய மாத்திரைய ஆரம்பிச்சு பாத்துப் பாத்து மாத்துவாங்க. திட்டுவாங்கன்னு மறைக்காதீங்க. காசுக்குப் பயந்து பொடிக்குப் போறவங்க, அரசு ஆஸ்பத்திரில வலிப்பு மாத்திரை ஃப்ரீயாவே குடுக்குறாங்க.

சித்தா டாக்டருங்க எல்லாரையும் நான் சொல்லல. படிச்சுப் பதிவு பண்ணினவங்க ரூம் நம்பர்ல உக்காந்து வைத்தியம் பாக்க மாட்டாங்க, லேபிள் இல்லாம குடுக்கவும் மாட்டாங்க. 1954லயே மேஜிக் ரெமடீஸ் சட்டம்னு ஒண்ணு போட்டு, வலிப்ப குணமாக்குறேன்னு விளம்பரம் பண்றதே குத்தம்னு வச்சிருக்காங்க. அந்த விளம்பரம்தான் சாயங்காலம் சீரியலுக்கு நடுவுல ஓடுது.

தம்பி இப்ப பழையபடி வேல்ப்ரோயேட்ல இருக்கான், கைவெட்டு இன்னும் அப்பப்ப இருக்கு, ஞாபக மறதியும் இருக்கு. மருந்து ஆய்வாளர் ஆபீஸ்ல லேப் ரிப்போர்ட்டோட புகார் குடுத்திருக்கோம், ஆனா எங்ககிட்ட பில்லும் இல்ல, மிச்சப் பொடியும் இல்ல. இதே மாதிரி லாட்ஜ்ல வாங்கின பொட்டலம் யார் வீட்டுலயாவது இருந்தா தூக்கிப் போடாம வச்சிருந்து நீங்களும் ஒரு புகார் குடுங்க, விளம்பரம் வந்தா செல்போன்ல ரெக்கார்ட் பண்ணி அதையும் சேத்துக் குடுங்க.