‘கையால் செய்தது’ என்று சொன்ன மஃபின்: 96 பவுண்டு போனது, பையனுக்கு உதடு வீங்கியது

லண்டனில் சனிக்கிழமைச் சந்தைக்குப் போய்க் காலைச் சாப்பாட்டுக்கு பிரெட் வாங்குகிற நம் ஆட்கள் இதைக் கொஞ்சம் படியுங்கள். வீட்டில் பால் அலர்ஜி உள்ள குழந்தை இருந்தால் கண்டிப்பாகப் படியுங்கள். கடையின் பெயரையோ சந்தையின் பெயரையோ போட முடியாது, புகார் நடந்துகொண்டிருக்கிறது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

இங்கிலாந்துக்குப் புதிதாக வந்தவர்களுக்காக ஒரு விஷயம். நான் சொல்கிற மஃபின் நம் ஊர் பேக்கரியில் கிடைக்கும் இனிப்பான கப் கேக் இல்லை. ஈஸ்ட் போட்டுப் புளிக்க வைத்த மாவை வட்டமாகத் தட்டி, ரவையில் புரட்டி, கல்லில் போட்டு இரண்டு பக்கமும் திருப்பிச் சுடுவது. நம் தோசைக்கல்லே போதும். அதையே நடுவில் பிளந்து, வாட்டி, வெண்ணெய் தடவிச் சாப்பிடுவார்கள். அமெரிக்காவில் இதற்கு இங்கிலீஷ் மஃபின் என்று பெயர். 1874இல் இங்கிலாந்திலிருந்து நியூயார்க்குக்குப் போன சாமுவேல் பாத் தாமஸ் என்பவர் அங்கே பேக்கரி வைத்துப் பரப்பியது அது. இங்கே பெரும்பாலும் வெறும் மஃபின்தான். கிரம்பெட் வேறு. அது தளர்வான மாவில், வளையத்துக்குள் ஊற்றிப் பெரும்பாலும் ஒரே பக்கம் வேகவிடுவது. மேல்பக்கம் ஆப்பம் மாதிரி கண்கண்ணாக ஓட்டை விழுந்திருக்கும்.

என் பையனுக்கு ஏழு வயது. கைக்குழந்தையிலிருந்தே பால் ஆகாது. இங்கே பாக்கெட்டில் வருகிற மஃபினில் பல வகைகளில் பால் பவுடரோ வே பவுடரோ (பால் திரிந்தபின் மிஞ்சும் நீரிலிருந்து எடுப்பது) கலந்திருப்பதால், பொருள் பட்டியல் பார்க்காமல் எதையும் வீட்டுக்குள் விடுவதில்லை. பள்ளியில் மற்ற பிள்ளைகள் சாப்பிடுவதைப் பார்த்து மஃபின் வேண்டும் என்று ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தான்.

பிப்ரவரிக் கடைசியில் அந்தச் சந்தைக்குப் போனோம். மரப்பெட்டி, பழுப்புக் காகிதப்பை, பைமேல் மையில் குத்திய முத்திரை, கரும்பலகையில் சாக்பீஸ் எழுத்து: ‘இன்று காலை கையால் செய்தது. சவர்டோ.’ சவர்டோ என்றால் கடை ஈஸ்ட் போடாமல் தானாகப் புளிக்க வைத்த மாவு. கடைக்காரர் ஒரு மஃபினை வாட்டி, வெண்ணெய் தடவி, துண்டு போட்டு, பையனைத் தவிர எங்களுக்குச் சாப்பிடக் கொடுத்தார். நன்றாகத்தான் இருந்தது. சூடாக வாட்டி வெண்ணெய் தடவினால் எந்த பிரெட்டும் நன்றாகத்தான் இருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. அதனால் சந்தையில் கொடுக்கிற சாம்பிளை வைத்து முடிவு செய்யாதீர்கள். வாட்டாத ஒன்றைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

பால் இருக்கிறதா என்று நான் மூன்று முறை கேட்டேன். பையனைக் காட்டியே கேட்டேன். “மாவு, தண்ணீர், உப்பு, புளிப்பு மாவு, வேறு ஒன்றும் இல்லை” என்றார். பையில் பொருள் பட்டியல் இல்லை. “எங்களுடையது சின்னக் கடை, பட்டியல் ஒட்டத் தேவையில்லை” என்றார். அதை நம்பினேன். நம்பியிருக்கக் கூடாது. தேவையில்லை என்பதே பொய். 

2016 ஜூலையில் நடாஷா எட்னன்-லபரூஸ் என்ற 15 வயதுப் பெண், ஹீத்ரோ விமான நிலையத்தில் வாங்கிய பகெட் சாண்ட்விச்சைச் சாப்பிட்டு இறந்துபோனாள். மாவுக்குள்ளேயே எள் கலந்திருந்தது, உறையில் அது போடப்படவில்லை. அவளுடைய பெற்றோர் விடாமல் போராடியதால் வந்த சட்டம் 2021 அக்டோபர் 1 முதல் அமலில் இருக்கிறது. கடைக்காரரே செய்து, முன்கூட்டியே பையில் போட்டு மூடி விற்கிற சாப்பாடு எதுவானாலும், பெயரும் முழுப் பொருள் பட்டியலும் பைமேல் இருக்க வேண்டும். அலர்ஜி தருகிற பொருட்கள் தனித்துத் தெரிய வேண்டும். சந்தைக் கடைக்கும் இது பொருந்தும். நாம் கேட்ட பிறகு எடுத்துப் பையில் போட்டுக் கொடுத்தால்தான் வாயால் சொல்லிக் கொள்ளலாம். அப்போதும் சரியாகச் சொல்லியாக வேண்டும்.

அன்றைக்கே எட்டு வாரத்துக்குக் காலை உணவுப் பெட்டி பதிவு செய்தோம். வாரம் 12 பவுண்டு. ஆறு மஃபின், ஆறு கிரம்பெட், நாலு டீகேக் (உலர்திராட்சை போட்ட பன்). 96 பவுண்டையும் முன்பணமாக வங்கி டிரான்ஸ்ஃபரில் அனுப்பச் சொன்னார். கார்டு மெஷின் அன்று வேலை செய்யவில்லை என்றார்.

முதல் பெட்டி மார்ச் 1. பையனுக்குப் பால் இல்லாத மார்ஜரின் தடவிப் பாதி மஃபின் கொடுத்தேன். பத்து நிமிடத்தில் வாயைச் சுற்றி சிவந்து தடித்தது. செட்ரிசின் கொடுத்ததும் அடங்கியது. முந்தின நாள் ஒரு பிறந்தநாள் விழாவுக்குப் போய் வந்திருந்தான், அங்கே எதையாவது தொட்டிருப்பான் என்று நினைத்துக்கொண்டோம். அந்த மஃபினை நான் சந்தேகிக்கவே இல்லை. செவ்வாய்க்கிழமை வரை அது பஞ்சு மாதிரி மெத்தென்று இருந்ததும் அப்போது உறைக்கவில்லை. வீட்டில் செய்கிற மஃபின் மறுநாளே விறைத்துவிடும். வாசனையும் அப்படித்தான். வாரம் இரண்டு தடவை தோசைக்கு மாவு ஆட்டிப் புளிக்க வைக்கிறவள் நான். சவர்டோ என்றால் அந்தப் புளிப்பு வாசனை எங்கேயாவது வர வேண்டும். இதில் வந்தது லேசான வினிகர் வாசனை.

இரண்டாவது பெட்டி வந்த வாரம் பையனுக்குக் காய்ச்சல், சாப்பிடவில்லை. மூன்றாவது பெட்டி மார்ச் 15, சனிக்கிழமை. அன்று முழு மஃபின் சாப்பிட்டான். கீழ் உதடு வீங்கிவிட்டது, கழுத்திலும் வயிற்றிலும் தடிப்பு, இரண்டு முறை வாந்தி. மருந்து கொடுத்துவிட்டு அரசு மருத்துவ ஆலோசனை எண்ணான 111க்கு ஃபோன் போட்டேன். மூச்சுத் திணறல் வந்தாலோ, குரல் மாறினாலோ, துவண்டு போனாலோ ஒரு நொடி தாமதிக்காமல் ஆம்புலன்ஸுக்கு 999 அடிக்கச் சொல்லி, அதுவரை அவனை விட்டு நகராமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். அவன் மார்பில் கை வைத்துக்கொண்டு மதியம் வரை உட்கார்ந்திருந்தேன். நல்லவேளையாக அதற்கு மேல் போகவில்லை.

சாயங்காலம் மீதி மஃபின்களை எடுத்துக் குப்பையில் போடப் போனபோதுதான் அதைப் பார்த்தேன். ஒரு மஃபினின் பக்கவாட்டில் பளபளவென்று ஏதோ ஒட்டியிருந்தது. நகத்தால் உரித்து எடுத்தேன். கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் துண்டு. ஒரு ஓரம் ரம்பப் பல் மாதிரி வெட்டியிருந்தது, பாக்கெட்டை மெஷினில் சீல் போடுகிற ஓரம். அதில் புள்ளி புள்ளியான கறுப்பு எழுத்தில் ‘16 மார்ச்’ என்று தேதி, பக்கத்தில் பாதி அறுந்த ஒரு நேரம். அன்று காலை கையால் செய்து காகிதப்பையில் போட்ட மஃபினில், மறுநாளோடு முடிகிற தேதி போட்ட பிளாஸ்டிக் எப்படி வரும்?

எங்கள் தெருவில் இருக்கும் யாழ்ப்பாணத்து அக்கா பார்க் ராயலில் ஒரு பெரிய பிரெட் தொழிற்சாலையில் இரவு ஷிஃப்ட் வேலை பார்க்கிறார். அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். மஃபினைக் கையில் வாங்கிச் சுற்றிப் பார்த்தார். “தங்கச்சி, இது கையால செய்ததில்லை. எல்லாம் ஒரே உயரத்தில நிக்குது பாருங்கோ” என்றார். கிச்சன் தராசை எடுத்து ஒவ்வொன்றாக வைத்தோம். மீதி இருந்த மஃபின்களுக்குள் இரண்டு கிராமுக்கு மேல் வித்தியாசம் இல்லை. மெஷினில் வட்டக் குழிக்குள் மாவு பொங்கி, மேலும் கீழும் சூடான தகடு அழுத்துவதால், இரண்டு முகமும் தட்டையாக, நிறம் ஒரே சீராக இருக்கும் என்று விளக்கினார். கையால் தட்டிக் கல்லில் போட்டது ஒன்று போல ஒன்று இருக்காது. ஒன்றில் நடு உப்பியிருக்கும், ஒன்றில் ஓரம் சாய்ந்திருக்கும், கல் சூடான இடத்தில் கறுத்திருக்கும். தோசை ஊற்றுகிற நமக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதே இல்லை.

அக்காவே பக்கத்து சூப்பர் மார்க்கெட்டுக்கு ஓடிப் போய், அவர்களுடைய சொந்த லேபிளில் விற்கும் நாலு மஃபின் பாக்கெட் ஒன்றை வாங்கி வந்தார். ஒரு பவுண்டு சில்லறை. அதே அகலம், அதே எடை, அடிப்பக்கத்தில் அதே ரவை, பாக்கெட் ஓரத்தில் அதே ரம்பப் பல், அதே புள்ளி எழுத்து. பின்னால் பட்டியலைப் பார்த்தேன். வினிகர், கால்சியம் புரோப்பியோனேட் என்ற பூஞ்சை வராமல் தடுக்கும் பொருள், அடுத்து தடித்த எழுத்தில் பால். அந்த ஒரு வார்த்தையைப் பார்த்ததும் எனக்குக் கை நடுங்கிவிட்டது.

தேதி முடியப் போகிற பாக்கெட்டுகளை சூப்பர் மார்க்கெட்டில் சாயங்காலம் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டி அடிமாட்டு விலைக்குப் போடுவார்கள். அதை அள்ளி வந்து பை மாற்றியிருக்கலாம் என்பது என் ஊகம். பிரெட்டுக்குப் போடுவது ‘பெஸ்ட் பிஃபோர்’ தேதி. அது தரத்துக்கானது. தாண்டினாலும் கெடாமல் இருக்கிற வரை விற்பது குற்றம் இல்லை. ‘யூஸ் பை’ தேதி தாண்டி விற்றால்தான் குற்றம். ஆகவே பழசை விற்றார் என்பது என் முதல் புகார் இல்லை. இன்று சுட்டது என்றது, பால் இல்லை என்றது, இரண்டும் பொய். மெஷினில் செய்ததை ஒரு பவுண்டுக்கு மெஷினில் செய்தது என்றே விற்றால் அதில் எந்தத் தப்பும் இல்லை. அந்தத் தொழிற்சாலைதான் பாலைத் தடித்த எழுத்தில் ஒழுங்காகப் போட்டிருந்தது. இவர் செய்தது அந்த எழுத்தைக் கழற்றி எறிந்ததுதான்.

ஞாயிற்றுக்கிழமை கடைக்காரருக்கு ஃபோன் செய்தேன். முதலில் அடுப்பு ரிப்பேர், அந்த ஒரு வாரம் மட்டும் வெளியே வாங்கினோம் என்றார். அப்படியானால் மார்ச் 1ஆம் தேதி ஏன் பையனுக்குத் தடித்தது என்று கேட்டேன். உங்கள் பிள்ளைக்கு வேறு ஏதாவது ஆகாமல் இருக்கும் என்றார். மிச்சம் ஐந்து வாரத்துக்கான 60 பவுண்டையாவது கொடுங்கள் என்றதும் ஃபோனை வைத்துவிட்டார். அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை.

பண விஷயத்தில் என் அனுபவம் உங்களுக்கு உதவட்டும். கார்டில் கட்டியிருந்தால் வங்கியிடம் சார்ஜ்பேக், அதாவது கடைக்காரரிடமிருந்து பணத்தைத் திருப்பி எடுத்துத் தரும்படி, கேட்டிருக்கலாம். கிரெடிட் கார்டில் 100 பவுண்டுக்கு மேலான பொருள் என்றால் நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆவது பிரிவின்படி கார்டு நிறுவனமும் பொறுப்பேற்க வேண்டும். எங்களுடையது 96, அதுவும் டிரான்ஸ்ஃபர். வங்கியில் விவரம் எழுதிக் கொடுத்திருக்கிறோம், பதில் வரவில்லை. மெஷின் வேலை செய்யவில்லை, டிரான்ஸ்ஃபர் செய்யுங்கள் என்று யாராவது சொன்னால் ஒரு வாரத்துக்கு மட்டும் வாங்கிவிட்டு வந்துவிடுங்கள்.

புகாருக்கு சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற இலவச ஆலோசனை அமைப்பு வழியாகப் போனோம், அவர்கள் கடைகளின் ஏமாற்றை விசாரிக்கிற டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸுக்குத் தகவல் அனுப்பினார்கள். அலர்ஜி என்பதால் கவுன்சிலின் உணவுப் பாதுகாப்புப் பிரிவுக்கும் நேராக எழுதினேன். அங்கிருந்து பேசிய அதிகாரி பொறுமையாகக் கேட்டார். 1990ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 14ஆவது பிரிவு இதற்குத்தான் இருக்கிறது என்றார். கேட்ட தன்மையில், கேட்ட பொருளாக, கேட்ட தரத்தில் இல்லாததை விற்பது குற்றம். அவர் கேட்ட முதல் கேள்வி: பை இருக்கிறதா, மீதி மஃபின் இருக்கிறதா? முந்தின இரண்டு பெட்டிகளின் பைகளை நான் எப்போதோ மறுசுழற்சியில் போட்டிருந்தேன். மூன்றாவது மட்டும் இருந்தது.

உணவு விற்பதைத் தொழிலாகச் செய்கிற யாரும், சந்தையில் ஒரு மேஜை போட்டு விற்றாலும், கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவுக்குக் காசு கிடையாது. சுகாதார மதிப்பெண் 0 முதல் 5 வரை. அதை அரசின் உணவுத் தரத் துறையான ஃபுட் ஸ்டாண்டர்ட்ஸ் ஏஜென்சியின் தளத்தில் பெயர் போட்டுத் தேடலாம். வேல்ஸிலும் வட அயர்லாந்திலும் அதைக் கடையில் ஒட்டியே ஆக வேண்டும். இங்கிலாந்தில் கட்டாயம் இல்லை, அதனால் நாம்தான் தேட வேண்டும். இவர் கடைப்பெயரைத் தேடினேன். எந்தக் கவுன்சிலிலும் வரவில்லை. இதை நான் பிப்ரவரியில் ஃபோனில் இரண்டு நிமிடம் செலவழித்துப் பார்த்திருக்கலாம். இன்னொன்று, சவர்டோ என்ற வார்த்தைக்கு இங்கே சட்டப்படி விளக்கம் கிடையாது. பலகையில் யாரும் எழுதலாம். ‘எந்த அடுப்பில், எத்தனை மணிக்குச் சுட்டீர்கள்?’ என்று கேளுங்கள். அன்று விடியற்காலை நின்று சுட்டவர் அந்தக் கேள்விக்கு சந்தோஷமாகப் பத்து நிமிடம் பேசுவார்.

அடுத்த இரண்டு சனிக்கிழமையும் அந்த இடத்தில் அவர் கடை இல்லை. சந்தை மேலாளர் வேறு சந்தைக்குப் போயிருக்கலாம் என்று மட்டும் சொன்னார். அதுதான் என்னை எழுத வைத்தது.

பச்சைத் துணி விரித்த மேஜை, மரப்பெட்டி, கோதுமைக் கதிர் முத்திரை குத்திய பழுப்புப் பை. இப்படி ஒரு கடையில் நீங்கள் மஃபினோ டீகேக்கோ வாங்கியிருந்தால், பையைத் தூக்கிப் போடாதீர்கள். மீதி இருந்தால் ஜிப் கவரில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள், வாங்கிய தேதியை மேலே எழுதுங்கள், உங்கள் கவுன்சிலுக்கு எழுதுங்கள். என்னிடம் இருக்கும் பிளாஸ்டிக் துண்டையும் மூன்று மஃபினையும் அப்படித்தான் வைத்திருக்கிறேன். அதிகாரி வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.